கேக் வகுப்பில் பாத்திரம் கழுவுகிறவர்கள்

முதலில் அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. தொடங்கி வைத்தவன் நான்.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு நீள அறை இருக்கிறது. பந்தல் கம்புகளும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறை. மண்டபத் தலைவர் தேவன் அதைக் காலி செய்து, "இங்க ஒரு வாசிப்பு மையம் வைப்போம் சார். நீங்க படிச்சவரு, நீங்களே பாத்துக்குங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தார். நான் படித்தவன் என்பதற்கு அவரிடம் இருந்த ஆதாரங்கள் இரண்டு: என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், என் பெயர் ஸ்கந்தராஜா. ஈப்போவில் சிலோன்காரர் என்றால் பிறக்கும்போதே குமாஸ்தாவாகவோ டாக்டராகவோ பிறந்தவர் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நான் குமாஸ்தா ரகம். ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம், என் மேசைக்கு வந்த தாள்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன் என்று நான் சொல்லவில்லை. போட்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மனசுக்கு நல்லது. நான் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதில், என் மனைவி ரஜிதாவிடம். அதுவரை யார் வீட்டுப் பூசையிலாவது தேவாரப் புத்தகத்தை என் முன்னால் நீட்டினால், சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடடா, கண்ணாடி கொண்டு வரேல்லை" என்பேன். இருபது வருடம் இந்த ஒரே வசனத்தை வைத்துப் பக்திமானாகக் காலம் தள்ளியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆள் எழுத்தறிவு வகுப்பு நடத்தக் கிளம்பினால் எப்படி இருக்கும்? ஊரெல்லாம் சொல்லிப் புத்தகம் சேர்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் வந்தன. அதில் பாதி வருமான வரிச் சட்டம், கால்வாசி பல் வைத்தியம். பிறகு ஒரு பலகை அடித்து, சிவப்பு எழுத்தில், பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரிகிற அளவில் எழுதி மாட்டினேன்:

"எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இலவச வகுப்பு. சனிக்கிழமை மாலை மூன்று மணி."

நான்கு சனிக்கிழமை போனது. அறையில் நான், ரஜிதா, ஒரு மின்விசிறி, அதன் காற்றுக்காக வந்து படுக்கிற ஒரு பூனை. நால்வரில் எழுத்தறிவு தேவைப்பட்டது பூனைக்கு மட்டும்தான்; அதற்கும் அக்கறை இல்லை.

ஐந்தாவது சனிக்கிழமை நல்ல மழை. பக்கத்து அடுக்குமாடி வீட்டில் காவலுக்கு இருக்கும் சன்னாசி நனைந்துகொண்டு உள்ளே ஓடி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைச் சீருடை, இடுப்பில் டார்ச்லைட்டு. காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆளே வரல போல சார்."

"வரல சன்னாசி."

"எப்படி சார் வருவான்? போர்டு மாட்டி வச்சிருக்கீங்கல்ல?"

"வரத்தானே மாட்டினேன்!"

"ஐயோ சார். அந்தக் கதவுக்குள்ள காலை வச்சவன் கைநாட்டுன்னு பஸ்ஸுக்கு நிக்கிறவன் எல்லாம் படிச்சிக்கிட்டு நிக்கிறான். உள்ள வர வேண்டியவனுக்கோ போர்டுல என்ன எழுதிருக்குன்னே தெரியாது. பக்கத்துல நிக்கிறவன்கிட்ட கேட்டா, 'உனக்குத்தான் மச்சான் போட்டிருக்கு'ம்பான். யாரு லா வருவா?"

இவ்வளவு தெளிவாக என் பலகையை எனக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

"உங்களுக்குப் போர்டுல என்ன இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?" என்றேன்.

சன்னாசி மழையைப் பார்த்தார். "பக்கத்துல நின்னவன் சொன்னான்."

பிறகுதான் சொன்னார். வேலை செய்யும் இடத்தில் வருகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் பதிய வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவர் ஒரு பெயர்கூட எழுதியதில்லை. "நீங்களே எழுதிருங்க பாஸ், என் கையெழுத்து அசிங்கமா இருக்கும்" என்று பேனாவை நீட்டிவிடுவாராம். குனிந்து எழுதுகிறவர்களுக்கு சல்யூட்டும் அடிப்பாராம். அந்தக் குடியிருப்பிலேயே மரியாதையான காவலாளி என்று பெயர்.

அன்றைக்கே பலகையைக் கழற்றினேன். பின்பக்கத்தைத் திருப்பி, வேறு எழுதினேன்: "கேக் வகுப்பு."

"உங்களுக்கு விசரே?" என்றாள் ரஜிதா. "எனக்கு ஒரு பட்டர் கேக்தான் செய்யத் தெரியும்."

"எங்கட வகுப்புக்கு ஓராளும் இல்லை. ஒரு கேக் தாராளம்."

அடுத்த சனிக்கிழமை பதினெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பழைய ஓவனைத் தூக்கி வைக்க வந்த சாக்கில் சன்னாசியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்த ஓவனில் மணி அடிப்பது நின்று ஆறு வருடம் ஆகிறது. மூக்கால்தான் நேரம் பார்க்க வேண்டும். ரஜிதா கேக்கை விளக்க, நான் அறையிலிருந்த வெள்ளைப் பலகையில் மாவு, முட்டை, சீனி, பட்டர் என்று பெரிய எழுத்தில் எழுதி, "எல்லாரும் எழுதிக்குங்க" என்றேன்.

பதினோரு பேர் எழுதினார்கள். ஏழு பெண்கள் கைப்பையைத் தடவினார்கள். சன்னாசி சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடி கொண்டு வரல சார்."

"வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் சார்."

அந்தத் தடவலை எனக்குத் தெரியும். அது என் தடவல். ஆகவே தயாராகத்தான் போயிருந்தேன். இரண்டு ரிங்கிட் கடையில் வாங்கிய ஒரு டஜன் வாசிப்புக் கண்ணாடிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். மூடியைத் திறந்து நீட்டினேன். எட்டுப் பேரும் வேறு வழியில்லாமல் ஆளுக்கொன்று எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி பாப்பா. நாற்பத்தாறு வயது. இங்கே கச்சாங் பூத்தே எனப்படும் நொறுக்குத்தீனிக் கடை ஒன்றில் முறுக்குப் பிழிகிறவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு பாப்பா?"

"எழுத்து நல்லா பெருசாயிருச்சு சார்" என்றாள். "ஆனா என்ன சொல்லுதுன்னுதான் இன்னும் தெரியல."

சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற ஏழு பேரும் குனிந்து சிரித்தார்கள். ரஜிதாதான் சமாளித்தாள். "கேக் முடிஞ்சதும் பாத்திரம் கழுவ எட்டுப் பேர் வேணும்" என்று சொல்லி, அந்த எட்டுப் பேரையும் விரல் நீட்டிப் பொறுக்கினாள்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் சங்கேதம். மூன்றிலிருந்து நான்கு வரை கேக். பதினோரு பேர் சிரித்துப் பேசிக் கிளம்பிப் போவார்கள். நான்கிலிருந்து ஐந்தரை வரை 'பாத்திரம் கழுவுகிறவர்கள்' இருப்பார்கள்.

தேவனுக்கு மட்டும் சந்தேகம். "என்ன சார், ஒரு கேக்குக்கு எட்டுப் பேரு ஒண்ணரை மணி நேரமா பாத்திரம் கழுவுறாங்க?"

"சுத்தம் முக்கியம் தேவன்."

கற்றுக்கொடுக்கும் லட்சணம்தான் சொல்லும்படி இல்லை. இணையத்தில் பார்த்த முறை, ஆப்பிள் படம், ஆட்டுப் படம் எல்லாம் காட்டினேன். மூன்று வாரத்தில் எட்டுப் பேருக்கும் ஆப்பிள் நன்றாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் சன்னாசி எழுந்து நின்றார்.

"சார், கோவிச்சிக்காதீங்க. எங்கப்பா தோட்டத்துல தண்டலா இருந்தவரு. காலைல பெரட்டுல முந்நூறு பேர் பேரைக் கூப்பிடுவாரு. ஒரு பேரு தப்பாது. அவருக்கும் எழுத்து தெரியாது. எல்லாம் நெரைக் கணக்குதான். இந்த எழுத்துங்களையும் பெரட்டுக்கு நிறுத்திப் பாப்போமா?"

சுங்கை சிப்புட் பக்கம் அந்த ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. ஆனால் அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் ஏதாவது ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். விடிவதற்கு முன் தண்டல், அதாவது மேஸ்திரி, எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு அவர்களுக்கு ரத்தத்தில் இருந்தது. அந்தத் தோட்டத்தில் பால் வெட்ட ஆளுக்கொரு மரவரிசை, அதாவது நெரை, இருந்ததுபோல, சன்னாசி எழுத்துகளைப் பங்கு போட்டார். பதினெட்டு எழுத்து, எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு, சிலருக்கு மூன்று. மானாவும் சானாவும் பாப்பாவின் நெரை. கானா மீன் விற்கும் அக்காவுக்கு. டானா, ணானா, ஙானா மூன்றும் சன்னாசிக்கு. ஒருவர் பலகை முன் நின்று எழுத வேண்டிய சொல்லின் எழுத்துகளைக் கூப்பிட வேண்டும். அந்த நெரைக்காரர் "இருக்கேன்!" என்று எழுந்து வந்து தன் எழுத்தை எழுதிவிட்டுப் போக வேண்டும். எழுத வராவிட்டால், தோட்டத்தில் சம்பளம் பிடிப்பதுபோல், எல்லோரும் சேர்ந்து, "அரை நாள் போச்சு!" என்று கத்துவார்கள்.

சன்னாசிக்கு ஒரே ஒரு குறை. "இந்த ஙானாவ யாருமே கூப்பிட மாட்டேங்கறாங்க சார். மாசத்துல ஒரு நாள்தான் வேலைக்கு வரான். மத்த நாளெல்லாம் மெடிக்கல் லீவுலா."

எப்படியோ, இரண்டு மாதத்தில் அவர்கள் மெல்ல மெல்லக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்கள். பெருமை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சன்னாசி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் முடியவில்லை.

பாப்பா எல்லோரையும்விட வேகமாக ஓடினாள். மற்றவர்கள் தேநீர் குடிக்கும்போதும் அவள் விரலால் மேசையில் எழுதிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டேன்: "என்ன அவசரம் பாப்பா?"

கைபேசியை எடுத்துக் காட்டினாள். மகள் தினேஸ்வரி காம்பாரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அங்கேயே தங்கல். வகுப்பில் இருப்பதால் பேச முடியாது. தமிழில் தட்டி அனுப்புவாள். அம்மா பதிலுக்கு ரோஜாப்பூ அனுப்புவாள், கும்பிடுகிற கை அனுப்புவாள், 'காலை வணக்கம்' போட்ட குழந்தைப் படம் அனுப்புவாள். நேரம் சாயங்காலமாக இருந்தாலும்.

"அவங்க அப்பா இருந்தவரைக்கும் எல்லாம் அவரே படிச்சிச் சொல்லிருவாரு சார். ரிப்போட் புக்குலயும் அவருதான் கையெழுத்து. அவரு போயி ஆறு வருசமாச்சு. எனக்கு எழுத்து வராதுன்னு இவளுக்கு இன்னும் தெரியாது. நான் மூணாம் பாரம் வரைக்கும் படிச்சேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"மூணாம் பாரமா? ஒம்பது வருசப் படிப்பா?"

"அவ ஒரு தடவ மார்க்கு கொறைச்சலா வாங்கிட்டா சார். கோவத்துல, 'நான் படிச்ச காலத்துல இப்படியா'ன்னு வாயில வந்திருச்சு. அப்புறம் எப்படி சார் எறங்கறது?"

இந்த வருடம் மார்ச்சில் தினேஸ்வரி ஒரு நாள் நீளமாக ஏதோ அனுப்பியிருக்கிறாள். பாப்பா பார்த்தாள். நீளமாக இருக்கிறது, ஏதோ நல்ல செய்தி, பரீட்சையில் தேறியிருப்பாள் என்று நினைத்து, வானத்தில் பட்டாசு வெடிக்கிற படத்தை அனுப்பினாள். அடியில் 'வாழ்த்துகள்' என்று வேறு இருந்ததாம். அது அவளுக்குத் தெரியாது. தினேஸ்வரி எழுதியிருந்தது, டெங்கிக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள் என்று. அடுத்த நாள் கடையில் யாரோ வாசித்துச் சொன்ன பிறகுதான் பாப்பாவுக்கே தெரிந்தது.

"ஒரு வாரம் எங்கூட பேசல சார். போனு கெட்டுப் போச்சு, அதுவா போயிருச்சுன்னு சொல்லி சமாளிச்சேன். நம்பினாளா இல்லையான்னு தெரியல. அதுலருந்து கொஞ்சமா கொஞ்சமாத்தான் எழுதறா." கைபேசியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "தீவாளிக்குள்ள நானே ஒரு வரி எழுதி அனுப்பிரணும் சார். என்னமோ பொறந்ததுலருந்தே எழுதறவ மாதிரி. அவளுக்குத் தெரியவே கூடாது."

தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. எளிதாக நடந்திருக்க வேண்டிய காரியம். நான் நடுவில் இல்லாவிட்டால்.

ஆகஸ்டில் காம்பார் மாணவர் சங்கம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்திருந்தது. சமூக சேவைக்கு ஒரு மாணவியை அனுப்புகிறோம், சம்மதமா என்று. புத்தகம் கேட்டு நான் எங்கெங்கோ அனுப்பிய விண்ணப்பங்களில் ஒன்று அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. அந்தத் தாளில் மாணவியின் பெயர் இருந்தது, அம்மாவின் பெயர் இருந்தது, புந்தோங் முகவரி இருந்தது. நான் செய்தது, முப்பத்து நான்கு வருடம் செய்ததைத்தான். பேனாவை எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. வெளியூர்க் கல்யாணம் ஒன்றால் கேக்குக்கு வரும் பதினோரு பேரும் வரவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள் எட்டுப் பேர் மட்டும். ரஜிதா மாவைக் கலந்து தட்டில் ஊற்றி ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சரி, பெரட்டுக்கு நிற்போம் என்று பலகையைத் துடைக்கிறேன். வாசலில் ஒரு பெண், முதுகில் பை, கையில் ஒரு கோப்பு.

"வணக்கம் சார். காம்பார்லருந்து வரேன். பெரியவங்களுக்கு எழுத்து சொல்லித் தர..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "ஃபார்ம்ல எழுத்தறிவு வகுப்புன்னு இருந்துச்சு. வெளிய கேக்குன்னு போட்டிருக்கு?"

பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அம்மா? நீ எங்க இங்க?"

பாப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் வருடக்கணக்காக நின்ற முகம். அதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுட்டதுபோல் இருந்தது.

அவசரத்தில் எனக்கு எப்போதும் பொய்தான் முதலில் வரும். "உங்க அம்மாவா? தெரியாதே! அவங்கதானேம்மா இங்க கேக் டீச்சர்!"

ரஜிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதம் கேக் சொல்லிக்கொடுத்தவளின் பார்வை. ஆனாலும் நல்ல மனுஷி. தன் ஏப்ரனைக் கழற்றிப் பாப்பாவின் கழுத்தில் மாட்டினாள்.

"எங்கம்மாவா? கேக்கா?" என்றாள் தினேஸ்வரி. "வீட்டுல முறுக்கத் தவிர ஒண்ணும் செய்ய மாட்டாங்களே."

"அது... சும்மா கத்துக்கிட்டேன் மா" என்றாள் பாப்பா. குரல் எங்கேயோ கிணற்றிலிருந்து வந்தது.

"அப்ப எழுத்து வகுப்பு சார்?"

"அது இன்னும் ஆரம்பிக்கல" என்றேன். "போர்டு மட்டும் மாத்தணும்."

"சரி. அப்ப இன்னிக்கு நானும் கேக்கே கத்துக்கறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவைப் புதிதாய்ப் பார்க்கிற சந்தோஷம். "மா, சாமான் எல்லாம் போர்டுல எழுது மா. நான் போட்டோ எடுத்துக்கறேன். ரூம்மேட்டுங்ககிட்ட எங்கம்மா டீச்சருன்னு காட்டணும்."

ஏழு தலைகளும் பாப்பா பக்கம் திரும்பின. பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

பாப்பாவின் கை ஏப்ரனைத் தடவியது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாதே பாப்பா, சொல்லாதே என்று மனதுக்குள் கத்தினேன்.

"கண்ணாடி கொண்டு வரல மா."

"இதோ டின்னுல இருக்கே மா!" மேசையிலிருந்த பிஸ்கட் டின்னைத் தினேஸ்வரி நீட்டினாள். மிச்சம் ஐந்து கண்ணாடி, என் உபயம். மற்றவர்களுக்கென்று நான் வைத்த பொறி எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பாப்பா ஒன்றை எடுத்து மாட்டினாள். மார்க்கரை எடுத்தாள். பலகைப் பக்கம் திரும்பினாள். எங்களுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

மா. மானா அவளுடைய நெரை; கண்ணை மூடிக்கொண்டும் எழுதுவாள். வு. கொஞ்சம் யோசித்தாள், வந்தது. மாவு. ஏழு நாற்காலிகளிலிருந்து ஏழு மூச்சு வெளியே வந்தது. தினேஸ்வரி கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வரி. மு. அதுவும் அவள் நெரைதான். அதன் பக்கத்தில் மார்க்கர் நின்றது. நின்றே கிடந்தது. முட்டையில் மீதி இருப்பது முழுவதும் அடுத்தவர் நெரை. அவள் தோள் லேசாக ஏறி இறங்கியது. நான்கு மாதப் பழக்கம். தனக்கே தெரியாமல், சாமி முன்னால் முணுமுணுப்பதுபோல், உதட்டுக்குள் கூப்பிட்டுவிட்டாள்:

"டானா..."

"இருக்கேன்!"

கடைசி வரிசையில் சன்னாசி விறைத்து எழுந்து நின்றார். குரல் மண்டபத்தின் முன்வாசல் வரை போயிருக்கும். எழுந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பாதி குனிந்தபடி டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டார். "நான்... ஓவன் தூக்க வந்தவன் மா" என்றார், யாரும் கேட்காமலேயே.

தினேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். ஏழு பேரின் மூக்கிலும் ஒரே மாதிரி கண்ணாடி இருப்பதைப் பார்த்தாள். மடியில் இருந்த ஒற்றைக்கோட்டு நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தாள். மீன் விற்கும் அக்கா பக்கம் முழுக்கக் க, கா, கி என்று எழுதியிருந்தாள். கடைசியில் பலகையைப் பார்த்தாள். 'மு'வுக்குப் பக்கத்தில் மார்க்கரின் முனை பட்டு மை ஒரு பொட்டாக ஊறியிருந்தது. அம்மா இன்னும் திரும்பவில்லை.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருக்க வேண்டும். அறுபத்தேழு வருடமாக அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். அன்றைக்குப் பலகை துடைக்கும் துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

 தினேஸ்வரி கைபேசியை எடுத்து எதையோ தட்டினாள். மேசை மேலிருந்த பாப்பாவின் கைபேசி 'டிங்' என்றது.

"மா. உனக்குத்தான். பாரு."

பாப்பா திரும்பி, கைபேசியை எடுத்துத் தூரமாகப் பிடித்தாள், பிறகு கிட்டத்தில் பிடித்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டு, பெரட்டுக் களத்தில் நிற்கும் தண்டல்போல் உரக்கக் கூப்பிட்டாள்.

"ஆனா!" ஆனாவுக்கு நெரை இல்லை, அது எல்லோருக்கும் பொது. மற்ற ஏழு பேரும் பதில் சொன்னார்கள். "மானா, நான்தான். அம்... மா. அம்மா!" ஒரு கணம் மகளைப் பார்த்துச் சிரித்தாள். "கானா!"

"இருக்கேன்!" என்றாள் மீன் விற்கும் அக்கா.

"கே... க். கேக்!"

அப்போதுதான் எனக்கு வாசனை வந்தது. ரஜிதாவுக்கும் வந்துவிட்டது, நாற்காலியை விட்டு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "இரு" என்றேன். அவள் ஓவனைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடி கானா!"

"இருக்கேன்!"

"க... ரானா!"

"இருக்கேன்!"

"ரு. கரு..." ஓவனின் கதவு இடுக்கிலிருந்து நீலமாய்ப் புகை ஒரு கோடு இழுத்தது. பூனை வெளியே போய்விட்டது. "கரு... கானா இன்னும் ஒண்ணு!"

"இருக்கேன், இருக்கேன், சீக்கிரம் லா!" என்றாள் மீன் விற்கும் அக்கா. மூக்கு அவளுக்கும் இருக்கிறதல்லவா?

"கு... தானா... து. கருகுது." பாப்பா முழுவதையும் சேர்த்து வைத்து, அழுத்தம் திருத்தமாக, ஒரே மூச்சில் வாசித்தாள். "அம்மா, கேக் கருகுது." கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். "படிச்சிட்டேன்!"

பிறகு, "ஐயோ! கேக் கருகுது!" என்று அலறிக்கொண்டு ஓவனுக்கு ஓடினாள்.

புகை வெளியேற அரை மணி நேரம் ஆயிற்று. தேவன் வாளியோடு ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல தேவன், பாத்திரம் கழுவப் போறோம்" என்று சொல்லி அனுப்பினேன். தட்டிலிருந்து வந்தது கேக் என்று சொல்ல முடியாது; பழைய மலாயா ரயில் எஞ்சினுக்குப் போட்டிருக்கலாம்.

தினேஸ்வரி அம்மாவிடம் போனாள். "அப்ப அன்னிக்கு, எனக்குக் காய்ச்சல்னு போட்டப்ப, பட்டாசு அனுப்பினியே..."

"கலரா நல்லா இருந்துச்சு மா" என்றாள் பாப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

தினேஸ்வரி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி போய்விட்டது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரில நர்ஸுக்கிட்ட காட்டினேன் மா அந்தப் பட்டாச. எங்கம்மா இப்படி அனுப்பிருக்காங்கன்னு அழுதேன். நீ என்னைத்தான் வேணாம்னு..." முடிக்கவில்லை. பாப்பா கரிக் கையோடு அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சட்டையெல்லாம் கறுப்புக் கறுப்பாய் ஐந்து விரல். சன்னாசி டார்ச்லைட்டை ஏற்றி அணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார், பட்டப்பகலில்.

எல்லோரும் அடி பிடித்த தட்டைச் சுரண்டும்போது பாப்பா மட்டும் மூலையில் உட்கார்ந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிடம். யாரிடமும் எழுத்துக் கேட்கவில்லை. யார் நெரையையும் கூப்பிடவில்லை. பிறகு தினேஸ்வரியின் கைபேசி 'டிங்' என்றது. அவள் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள்.

"பரவால்ல. சாப்பிடு."

கீழே, பழக்க தோஷத்தில், ஒரு ரோஜாப்பூ.

சாப்பிட்டாள். கருகலை விட்டுவிட்டு நடுவில் இருந்ததை அல்ல. கருகலையே, நற நற என்று, அம்மாவைப் பார்த்துக்கொண்டே. எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. ஓசைப்படாமல் பூனைக்குப் போடப் பார்த்தேன். பூனைக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் புத்தி உண்டு.

கிளம்பும்போது தினேஸ்வரி கோப்பைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். சேவை செய்த நேரத்துக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். கை தானாகப் பேனாவுக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திவிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். முழுவதையும் வாசித்தேன். பெயர், எண், இடம், தேதி. "என்ன செய்தீர்கள்?" என்ற கட்டத்தில் மலாயில், அழகான கையெழுத்தில், அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்.

பாத்திரம் கழுவினேன்.

"அடுத்த சனிக்கிழமையும் வரலாமா சார்?" என்றாள். "நெறைய பாத்திரம் இருக்கும் போல."

கையெழுத்துப் போட்டேன்.